கயிறு பிடித்தவரும் காரணம் கேட்டவரும்

தோட்டங்களில் பழைய மரங்களைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்யுங் காலத்தில், நிலத்தில் முதலாவதாக இறங்குபவர் கயிறு பிடிப்பவரேயாவர். அவர் கயிற்றை இழுத்துக் கட்டி, முளைக்குச்சி அடித்து, கன்று நிற்க வேண்டிய இடத்தைக் குறித்த பின்னரே மண்வெட்டி குழி தோண்டும். செம்பனைத் தோட்டங்களில் இம்முளைகளைச் சதுரமாக அடிப்பதில்லை. மூன்று பக்கமும் சமமான முக்கோணமாக அடிப்பதே வழக்கம். மரத்துக்கு மரம் 30 அடி என்று வைத்துக்கொண்டால், சதுர நடவில் ஏக்கர் ஒன்றுக்கு ஏறக்குறைய 48 மரங்கள் நிற்கும். முக்கோண நடவிலோ ஏறக்குறைய 56 மரங்கள் நிற்கும். மரத்துக்கு மரம் உள்ள தூரம் ஓரங்குலமும் குறையவில்லை, ஏக்கரும் நீளவில்லை. அப்படியிருக்க, இந்த ஏழெட்டு மரம் எங்கிருந்து வந்தது?

இக்கேள்வியை நம்மிடம் கேட்டவர் நாற்பதாண்டு காலம் கயிறு பிடித்துத் தழும்பேறிய கைகளையுடைய ஒரு பெரியவர். “கிராணி ஐயா, நீங்கள் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், அது எப்படி என்று எங்களுக்கும் சொல்லுங்களேன்” என்றார். கேட்டதில் குத்தல் ஏதும் இல்லை. அறிய வேண்டும் என்ற ஆசைதான். 48 என்பதும் 56 என்பதும் நமக்குக் கணக்குப் புத்தகத்தில் தெரியும். ஏன் என்பது தெரியவில்லை. “அது அப்படித்தான் பெரியவரே” என்று சொல்லி மழுப்பிவிட்டு வந்தோம். அன்றிரவு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை. ஏனெனில், பள்ளியிறுதிப் பரீட்சையில் க்ஷேத்திரகணிதத்தில் நல்ல மார்க்கு வாங்கியவர்கள் நாம். தேற்றங்களை எண் பிசகாமல் ஒப்பித்தவர்கள். கயிறு அவரிடம் இருந்தது, காரணம் நம்மிடம் இருந்திருக்க வேண்டும், இல்லை.

கற்றது எங்கே போயிற்று? கற்பித்த முறையில் பிழையா, கற்ற நம்மிடத்தில் பிழையா? இதை ஆராயப் புகுந்தபோது, இப்பிழை நம் காலத்தில் தோன்றியதன்று, ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது என்பதைக் கண்டோம்.

க்ஷேத்திரகணிதத்துக்குக் கிரேக்கர் இட்ட பெயருக்குப் பொருள் நிலத்தை அளத்தல் என்பதே. நம் சொல்லிலுள்ள ‘க்ஷேத்திரம்’ என்பதற்கும் வயல் என்றே பொருள். இது எகிப்தில் பிறந்த கதையைக் கிரேக்கச் சரித்திராசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். செஸோஸ்திரிஸ் என்னும் அரசன் குடிகளுக்கு நிலத்தைச் சமமாகப் பங்கிட்டு வரி விதித்தானாம். நைல் நதி பெருகி ஒருவன் நிலத்தில் ஒரு பகுதியைக் கொண்டுபோய்விட்டால், அவன் அரசனிடம் முறையிடுவான். அரசன் ஆளனுப்பி, எவ்வளவு போயிற்று என்று அளந்து, வரியைக் குறைப்பான். ஆகவே இச்சாஸ்திரத்தின் தாய் வரி, தந்தை வெள்ளம். வரியைக் குறைக்க அளந்தார்கள் என்று சரித்திராசிரியர் சொல்கிறார். கூட்டுவதற்கும் அதே கயிறு உதவியிருக்கும் என்பதைத் தோட்டத்தில் வேலை செய்யும் எவருக்கும் சொல்லவேண்டியதில்லை.

எகிப்தியர் அளவில் வல்லவர். கி.மு. 1550 வாக்கில் ஆமெஸ் என்ற எழுத்தர் ஒருவர் நாணற்றாளில் பிரதிசெய்த கணக்குச் சுவடி இன்றும் இருக்கிறது. வட்டமான வயலின் பரப்பைக் காண, விட்டத்தில் ஒன்பதில் ஒரு பங்கைத் தள்ளி, மிச்சத்தை அதே எண்ணால் பெருக்கு என்கிறது அது. விட்டம் 9 ஆனால் பரப்பு 64. நுட்பமாகக் கணக்கிட்டால் 63.6 வரும். பிழை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆயினும் ஒன்பதில் ஒரு பங்கை ஏன் தள்ள வேண்டும் என்பதற்கு அச்சுவடியில் ஒரு வரியும் கிடையாது. செய் என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது.

பாபிலோனியர் இன்னும் ஒருபடி மேல். உள்ளங்கையில் அடங்கும் களிமண் வட்டு ஒன்று அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையில் காக்கப்பட்டு வருகிறது. ஏறக்குறைய 3,700 ஆண்டுகளுக்கு முந்தியது. எழுதப் பழகும் மாணவன் கை என்று அறிஞர் கருதுகிறார்கள். அதில் ஒரு சதுரமும் அதன் கர்ணங்களும் கீறப்பட்டு, பக்கத்தைப் போல் கர்ணம் எத்தனை மடங்கு என்பதற்கு ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவ்வெண்ணில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூடப் பிழையில்லை. பிதாகோரஸ் பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முன், பெயர் தெரியாத ஒரு பையன் அவருடைய தேற்றத்தின் பலனைக் களிமண்ணில் எழுதிக்கொண்டிருந்தான்.

இந்தியாவின் பங்கையும் சொல்லாமல் விடலாகாது. யாகவேதிகை கட்டும் விதிகளைச் சொல்லும் சுல்ப சூத்திரங்கள் நம்மவர் க்ஷேத்திரகணிதத்துக்கு முதல் நூல்கள். சுல்பம் என்றாலே கயிறு. நீள்சதுரத்தின் கர்ணத்தின்மேல் எழுப்பும் சதுரம், அதன் இரு பக்கங்களின்மேல் எழுப்பும் சதுரங்களின் கூட்டுக்குச் சமம் என்பதைப் பௌதாயனர் தெளிவாகவே கூறியிருக்கிறார். பருந்தின் உருவமாக, அடுக்குக்கு 200 செங்கல் வீதம் ஐந்தடுக்காக, ஆயிரம் செங்கல்லில் வேதிகை எழுப்பினார்கள். அளவு பிசகினால் யாகம் பலிக்காது என்பது நம்பிக்கை. யாகம் பலித்ததோ இல்லையோ, அளவு பலித்தது.

எல்லாம் வேதத்திலேயே இருக்கிறது என்று மார்தட்டுவோர் ஒருபுறமும், எல்லாவற்றையும் கிரேக்கரே கண்டனர் என்று எழுதும் மேல்நாட்டார் மறுபுறமும் இருக்கின்றனர். யார் முந்தி என்ற இந்தச் சண்டை நமக்குச் சுவைக்கவில்லை. நாம் கேட்பது வேறு: அக்கயிற்றைப் பிடித்தவன் யார்? அச்செங்கல்லை அறுத்தவன் யார்? வேதத்தைச் சார்ந்த நூல்களைச் சூத்திரன் ஓதவும் கூடாது, கேட்கவும் கூடாது என்று தர்மநூல்கள் விதித்தன. கல்லறுத்தவன் கையில் அளவு இருந்தது. அவ்வளவின் நூல் வேறொருவர் பெட்டிக்குள் இருந்தது.

கிரேக்கர் செய்த புதுமை என்னவென்றால், ஏன் என்று கேட்டதுதான். கி.மு. 600 வாக்கில் மிலேட்டஸ் நகரில் வாழ்ந்த தேலீஸ் முதற்கொண்டு இவ்வழக்கம் தொடங்கியதாகப் பிற்காலக் கிரேக்கர் எழுதினர். இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் எதிரெதிர்க் கோணங்கள் சமமாயிருப்பதைக் கண்ணுள்ள எவனும் காண்பான். கண்டபின் காரணம் எதற்கு? எகிப்தியனும் பாபிலோனியனும் இப்படித்தான் நினைத்திருப்பார்கள். கிரேக்கனோ, கண்டது போதாது, மறுப்பவனையும் ஒப்புக்கொள்ளச் செய்யவேண்டும் என்றான். சபையில் எழுந்து நின்று வழக்காடும் பழக்கம் அந்நகரங்களில் இருந்தமையால் இது விளைந்தது என்று கருதுவோர் உண்டு. நமக்கும் அது பொருத்தமாகவே தோன்றுகிறது. ஆனால் அச்சபைகளில் அடிமைகளுக்கும் பெண்களுக்கும் இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அடிமை என்றதும் ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். க்ஷேத்திரகணிதம் கற்பித்த வரலாற்றில் நமக்குக் கிடைக்கும் முதல் வகுப்பறைக் காட்சி அவனுடையதே. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் பிளாட்டோ எழுதிய ‘மெனோன்’ என்னும் சம்பாஷணையில் அது இருக்கிறது. மெனோன் என்ற செல்வனோடு பேசிக்கொண்டிருந்த சாக்ரட்டீஸ், உன் பரிவாரத்தில் ஒருவனை அழை என்கிறார். ஒரு பையன் வருகிறான். அவனுக்குக் கிரேக்க பாஷை தெரியுமா என்பது ஒன்றைத்தான் சாக்ரட்டீஸ் விசாரிக்கிறார். வேறு தகுதி எதையும் கேட்கவில்லை.

மண்ணில் ஒரு சதுரம் கீறப்படுகிறது. பக்கம் 2 அடி, பரப்பு 4. இதைப்போல் இரு மடங்கு பரப்புள்ள சதுரம் வேண்டும்; பக்கம் எவ்வளவு இருக்கவேண்டும்? பையன் சற்றும் தயங்காமல், பக்கத்தையும் இரு மடங்காக்கினால் சரி என்கிறான். சாக்ரட்டீஸ் மறுக்கவில்லை, கீறிக் காட்டுகிறார். பக்கம் 4 அடியானால் பரப்பு 16 ஆகிவிடுகிறது. வேண்டியது 8 அல்லவா? அப்படியானால் 3 அடி என்கிறான். அதையும் கீறுகிறார், 9 வருகிறது. இப்போது பையன் தனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறான். அவ்விடத்தில் சாக்ரட்டீஸ் மெனோன் பக்கம் திரும்பி, தெரியும் என்று நினைத்திருந்தவன் தெரியவில்லை என்று உணர்ந்தானே, இதனால் அவனுக்கு நன்மையா தீமையா என்று கேட்கிறார். கற்பித்தலைப் பற்றி இதைவிடப் பெரிய கேள்வியை நாம் எங்கும் படித்ததில்லை.

பிறகு 2 அடிச் சதுரங்கள் நான்கை ஒன்றோடொன்று சேர்த்து 16 அடிப் பரப்புள்ள பெரிய சதுரமாக்கி, ஒவ்வொன்றையும் மூலைக்கு மூலை வெட்டுமாறு கர்ணங்களைக் கீறுகிறார். நான்கு கர்ணங்களும் கூடி நடுவில் சாய்ந்த ஒரு சதுரம் பிறக்கிறது. ஒவ்வொரு சிறு சதுரத்திலும் பாதி, அதாவது 2, உள்ளே நிற்கிறது; நான்கு பாதி சேர்ந்து 8. கர்ணத்தின்மேல் எழுந்த சதுரமே இரு மடங்கு. வாசகர் ஒரு குச்சி எடுத்து மண்ணில் கீறிப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் விளங்கும்.

பையனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமல் இது தெரிந்ததால், ஆத்மா முற்பிறவியில் அறிந்ததை நினைவு கூர்கிறது என்று பிளாட்டோ முடிவுகட்டுகிறார். அம்முடிவை நாம் ஏற்கவில்லை. முற்பிறவிக்கு இங்கே வேலை இல்லை. நல்ல கேள்விக்குத்தான் வேலை. போதாக்குறைக்கு, கர்ணத்தைக் கீறியவர் சாக்ரட்டீஸே; பிற்பகுதியில் பையன் பெரும்பாலும் ஆம் ஆம் என்றுதான் சொல்லிக்கொண்டு போகிறான். ஆயினும், தன் இரண்டு தவறுகளை அவனே கண்டான், அது மெய். செல்வர் வீட்டுப் பிள்ளைக்குரிய கலையென்று எண்ணப்பட்டது, அடிமையின் அறிவுக்கும் எட்டும் என்பது அந்த அரை மணி நேரத்தில் வெளியாயிற்று.

அதன்பின் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. பையன் என்ன ஆனான் என்று பிளாட்டோ சொல்லவில்லை. அவனுக்குப் பெயரும் வைக்கவில்லை. செக்ரோலில் நாள்தோறும் பெயர் எழுதுவதையே தொழிலாகக்கொண்ட நமக்கு இது உறுத்துகிறது. கணக்குக் கற்றுக்கொண்டவன் பெயர் இல்லாமல் போனான். கற்பதைப் பார்த்துக்கொண்டு நின்ற எஜமானன் பெயர் நூலுக்குத் தலைப்பாயிற்று.

கி.மு. 300 வாக்கில் எகிப்தின் கரையில் கிரேக்கர் எழுப்பிய அலெக்ஸாந்திரியாவில் யூக்ளிட் தம் பதின்மூன்று புத்தகங்களை எழுதினார். தமக்கு முந்தியவர் கண்டவற்றைத் திரட்டி வரிசைப்படுத்தியதே அவர் செய்த பெரும்பணி. ஐந்தே ஐந்து எடுகோள்களை ஒப்புக்கொள் என்கிறார்: இரு புள்ளிகளைக் கோட்டால் இணைக்கலாம், கோட்டை நீட்டலாம், வட்டம் வரையலாம், செங்கோணங்கள் யாவும் சமம், ஐந்தாவது சற்று நீண்டது, அதைப் பின்னர்ச் சொல்வோம். இவற்றோடு, சமத்தோடு சமத்தைக் கூட்டினால் சமம் என்பன போன்ற சில பொது நியாயங்கள். இவ்வளவைக் கொண்டு 465 தேற்றங்களும் வரைதல்களும் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்புகின்றன. ரிஷி சொன்னார், அசரீரி சொல்லிற்று என்ற பேச்சு ஓரிடத்திலும் இல்லை. முந்திய வரியே பிந்திய வரிக்குச் சாட்சி.

இவரைப் பற்றிப் பழைய கதைகள் இரண்டு வழங்குகின்றன. தாலமி அரசன், இதைவிடச் சுருக்கமாகக் கற்க வழியில்லையா என்று கேட்டதற்கு, அரசருக்கென்று தனிப் பாதை கிடையாது என்றாராம். இதை நமது இயக்கத்தார் மேடைதோறும் சொல்லலாம். மற்றது, முதல் தேற்றத்தைப் படித்துவிட்டு இதனால் எனக்கு என்ன லாபம் என்று கேட்ட மாணவனுக்கு, மூன்று காசு கொடுத்தனுப்புங்கள், அவனுக்குக் கல்வியிலும் லாபம் வேண்டுமாம் என்று சொன்னது. மேல்நாட்டு உபாத்தியாயர்கள் இக்கதையைச் சொல்லி மகிழ்வார்கள். நமக்கோ அம்மாணவன் பக்கம் கொஞ்சம் இரக்கம் உண்டு. பசி அறியாதவன் பயன் கேளாமல் படிக்கலாம்; கூலிக்காரன் மகன் பயன் கேட்பது குற்றமா?

அப்புத்தகம் உலகம் சுற்றிய கதை நீண்டது, விரைந்து கடப்போம். அலெக்ஸாந்திரியாவில் தேயோன் அதைத் திருத்திப் பதிப்பித்தார். அவர் மகள் ஹைப்பேஷியா அந்நகரிலே கணிதமும் தத்துவமும் கற்பித்தாள்; கி.பி. 415இல் மதவெறி பிடித்த கும்பலொன்று அவளைக் கொன்றது. பின்னர்ப் பாக்தாதில் ஹாரூன் அல் ரஷீத், அல் மஃமூன் ஆகியோர் காலத்தில் யூக்ளிட் அரபு பேசினார். ஐரோப்பா தன் பாட்டன் சொத்தை 12ஆம் நூற்றாண்டில் முஸ்லிம்களிடமிருந்து மீட்டுக்கொண்டது. பாத் நகரத்து அடெலார்டு 1120 வாக்கில் அரபியிலிருந்து லத்தீனுக்கு மொழிபெயர்த்தார். 1482இல் வெனிஸ் நகரில் அச்சேறியது. 1570இல் பில்லிங்ஸ்லி என்ற வியாபாரி ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1607இல் முதல் ஆறு புத்தகங்கள் சீனத்திலும், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜகந்நாதர் என்பவரால் அரபியிலிருந்து சமஸ்கிருதத்தில் ‘ரேகாகணிதம்’ என்ற பெயரிலும் வந்தன.

இதற்கிடையே நம் நாட்டில் கணிதம் உறங்கிக் கிடந்தது என்று எண்ண வேண்டாம். 1530 வாக்கில் கேரளத்தில் ஜ்யேஷ்டதேவர் எழுதிய ‘யுக்திபாஷை’ காரணங்களை வரிசையாக விளக்குகிறது. அதுவும் சமஸ்கிருதத்திலன்று, ஊரார் பேசும் மலையாளத்தில். தமிழில் காரிநாயனார் செய்த ‘கணக்கதிகாரம்’ வட்டத்தின் பரப்புக்குப் பாதிச் சுற்றைப் பாதி விட்டத்தால் பெருக்கச் சொல்கிறது. விதி முற்றிலும் சரி. ஆனால் செய்யுளில் உள்ளது விதி மட்டுமே. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் அதைப் பாடிப் பாடி மனத்தில் பதித்தார்கள். ஏன் என்று கேட்டவனுக்குக் கிடைத்தது பிரம்படி.

திண்ணைப் பள்ளியை இகழ்ந்து இங்கிலாந்தைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. இங்கிலாந்தின் கதை இதைவிட வேடிக்கை. காரணம் கேள் என்று கற்பிக்க எழுந்த புத்தகத்தையே அங்கே வேதமாக்கி, காரணம் கேளாமல் மனப்பாடம் செய்யவைத்தார்கள். யூக்ளிடின் சொல்லும் வரிசையும் எண்ணும் மாறலாகாது. ஒரு மாணவன் தானே சிந்தித்துப் புதிய நிரூபணம் எழுதினால், அது யூக்ளிடின் வரிசைக்கு முரணாயிருந்தால் பரீட்சையில் தள்ளுபடி. முதற் புத்தகத்தின் ஐந்தாந் தேற்றத்துக்குக் ‘கழுதைப் பாலம்’ என்று பெயர். இரு பக்கம் சமமான முக்கோணத்தில் அடிக்கோணங்கள் சமம் என்பதே அது. யூக்ளிட் கொடுத்த நிரூபணம் சுற்றுவழி. அதில் தடுக்கி விழுந்த பிள்ளைகளைக் கழுதை என்றார்கள். ஒரு காகித முக்கோணத்தை நடுவே மடித்தால் கோணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதைக் குழந்தையும் காணும். மடிக்க விடவில்லை.

ஐசக் டாட்ஹண்டர் 1862இல் பதிப்பித்த யூக்ளிட் பலமுறை அச்சாகிப் பள்ளிகளை ஆண்டது. அவர் 1873இல் எழுதிய ஒரு கட்டுரையில், உபாத்தியாயர் சொல்வதை நம்பாமல் பரிசோதனை செய்து கண்டுதான் நம்புவேன் என்று பையன் நினைப்பது பகுத்தறிவுக்கே ஒவ்வாதது என்ற கருத்தை வெளியிட்டார். உபாத்தியாயர் பெரும்பாலும் பாதிரியாராகவே இருப்பார். அவரை நம்பினால் போதாதா என்பது அவர் வாதம். அவர் பேசியது விஞ்ஞான பாடத்தைப் பற்றி. ஆனாலும் யூக்ளிட் பதிப்பித்த கையா இதை எழுதிற்று என்று நாம் வியந்தோம்.

எதிர்ப்பும் எழாமலில்லை. பெருங்கணிதரான சில்வெஸ்டர் 1869இல் பிரிட்டிஷ் அஸோஸியேஷன் கூட்டத்திலே, இளமையில் யூக்ளிட் படித்ததனாலேயே க்ஷேத்திரகணிதத்தை வெறுத்தேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். 1871இல் பள்ளி உபாத்தியாயர்கள் கூடி, க்ஷேத்திரகணிதம் கற்பிப்பதைச் சீர்திருத்தவென்றே ஒரு சங்கம் அமைத்தார்கள். எதிர்க்கட்சியில் நின்றவர், குழந்தைகளுக்கு ஆலிஸ் கதை எழுதிய லூயி கரோல். யூக்ளிடின் ஆவியை நேரில் வரவழைத்து, புதுப் புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தள்ளுபடி செய்யும் நாடகத்தை 1879இல் வெளியிட்டார். கெட்டிக்காரர், ஆனால் இங்கே வைதிகர். முப்பதாண்டுப் போராட்டத்துக்குப் பின், 1901இல் கிளாஸ்கோவில் ஜான் பெர்ரி என்னும் இன்ஜினீயர், பிள்ளைகள் அளக்கட்டும், வரையட்டும், கட்டக் காகிதத்தில் வைத்துப் பார்க்கட்டும், தொழிலாளி மகனுக்கும் எட்டும்படி கற்பியுங்கள் என்று முழங்கினார். 1903இல் கேம்பிரிட்ஜ், யூக்ளிடின் வரிசையே வேண்டும் என்ற விதியைக் கைவிட்டது. கேம்பிரிட்ஜ் பரீட்சைகள் மலாயாவிலும் நடந்தமையால், அங்கே அவிழ்ந்த முடிச்சு இங்கேயும் அவிழ்ந்திருக்க வேண்டும்.

அவிழவில்லை என்பதற்கு நாமே சாட்சி. நாம் படித்த பள்ளியில் உபாத்தியாயர் படம் வரைவார், நாம் பிரதிசெய்வோம். படத்தில் ஏ, பி, சி என்று குறிப்பதற்குப் பதிலாகப் பி, க்யூ, ஆர் என்று குறித்துவிட்டால் வகுப்பு முழுவதும் திகைத்து நிற்கும். அது வேறு தேற்றமோ என்று ஐயுறும். விதி போனது; பழக்கம் போகவில்லை.

வேறு வழி தெரியாமல் இப்படி நடந்தது என்றும் சொல்ல முடியாது. 1741இலேயே பிரான்சில் கிளேரோ என்ற கணிதர், மனிதன் முதன்முதலில் நிலத்தை அளக்கும்போது எந்த வழியே நடந்தானோ அந்த வழியே பிள்ளையையும் நடத்து என்று ஒரு சிறு நூல் எழுதியிருந்தார். நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. 1893இல் சென்னையில் சுந்தர ராவ் என்பவர், காகிதத்தை மடித்தே க்ஷேத்திரகணிதம் கற்கும் நூலொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதற்குத் தூண்டுதல் குழந்தைப் பள்ளிகளில் விளையாடக் கொடுக்கும் வண்ணக் காகிதம். ஜெர்மானியப் பேரறிஞர் கிளைன் தம் நூலில் அதைக் குறிப்பிட்ட பின், 1901இல் சிக்காகோவில் மறுபதிப்பு வந்தது. கேளாதவர் நாமே.

பள்ளியில் இப்படி யூக்ளிடைப் பூசித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், கணிதர்கள் அவரது ஐந்தாம் எடுகோளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கோட்டுக்கு வெளியேயுள்ள புள்ளி வழியாக அக்கோட்டுக்கு இணையாக ஒரே ஒரு கோடுதான் போகும் என்பது அதன் சாரம். முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் இரண்டு செங்கோணம் என்னும் உண்மை இதன்மேல்தான் நிற்கிறது. இது ஒப்புக்கொள்ளவேண்டியதா, மற்ற நான்கிலிருந்து நிரூபிக்கக் கூடியதா? பாரசீகத்தின் உமர் கய்யாம் முயன்றார். இத்தாலியில் சாக்கேரி 1733இல் யூக்ளிடின் குறையையெல்லாம் துடைத்துவிட்டதாகவே நூல் எழுதினார். குறை துடைபடவில்லை. ஹங்கேரியில் பொல்யாய் என்ற கணிதர், தம் வாழ்வைத் தின்ற இவ்விணைகோட்டுப் பித்து உனக்கு வேண்டாம் என்று மகனுக்கு மன்றாடிக் கடிதம் எழுதினார். மகன் யானோஸ் கேட்கவில்லை. ஐந்தாம் எடுகோளை மறுத்தாலும் முரண்பாடில்லாத வேறொரு க்ஷேத்திரகணிதம் உண்டு என்று 1832இல் அச்சிட்டான். ருஷியாவில் கஸானிலே லோபச்செவ்ஸ்கி 1829இலேயே அதை வெளியிட்டிருந்தார். ஜெர்மனியின் காவுஸ் இருவருக்கும் முன்பே அறிந்திருந்தும், மூடர் கூச்சலுக்கு அஞ்சிப் பெட்டியில் பூட்டிவைத்தார். மிகப் பெரியவர்தான், ஆனால் அவ்வளவு பெரியவருக்கு இந்த அச்சம் அழகன்று.

வளைந்த தளத்தில் வேறு நியாயம் நடப்பதை நாமே காணலாம். நம் நாட்டுக்குச் சற்றுத் தெற்கே பூமத்தியரேகை செல்கிறது. வடதுருவத்திலிருந்து ஒன்றுக்கொன்று செங்கோணமாக இரண்டு கோடுகளைப் பூமத்தியரேகைவரை இழுத்தால் உண்டாகும் முக்கோணத்தில் மூன்றும் செங்கோணம். இரண்டுக்குப் பதில் மூன்று! 1854இல் ரீமான் இவ்வகை வளைவுகளுக்கெல்லாம் பொதுக் கணிதம் வகுத்தார். அதைக் கொண்டே ஐன்ஸ்டீன் 1915இல் ஈர்ப்புக்குப் புதுக் கொள்கை கண்டார். ஈராயிரம் ஆண்டு மதிக்கப்பட்ட நூலின் அடிக்கல்லைப் பெயர்த்தார்கள். ஒருவரையும் கழுவேற்றவில்லை, ஊரைவிட்டுத் தள்ளவில்லை. நூலும் கெடவில்லை, அதன் எல்லை இன்னதென்று தெளிவாயிற்று. இப்படி ஒரு வேதம் வேறெங்கும் உண்டா?

பள்ளிக்கூடமோ ஆட்டம் கண்டது. 1959இல் பிரெஞ்சுக் கணிதர் தியுதொன்னே, யூக்ளிட் ஒழிக என்றே கூச்சலிட்டார். அதன்பின் வந்த ‘புதுக் கணிதம்’ பல நாடுகளில் பிள்ளைகளைக் குழப்பிவிட்டு அடங்கிற்று. அதைவிட மெல்லிய குரலில் 1957இல் ஹாலந்திலே வான் ஹீலே தம்பதிகள் சொன்னது நம் மனத்தில் நிற்கிறது. பிள்ளை முதலில் உருவத்தை முழுசாகப் பார்க்கும். பின்பு அதன் குணங்களைக் காணும். குணங்களை ஒன்றோடொன்று பொருத்தும். கடைசியில்தான் நிரூபணம் விளங்கும். கடைசிப் படியில் நின்று பேசும் உபாத்தியாயரும் முதற்படியில் நிற்கும் பிள்ளையும் ஒரே சொல்லைச் சொன்னாலும் இரண்டு பாஷை பேசுகிறார்கள். நம் பள்ளி நாட்கள் முழுவதற்கும் இதுவே விளக்கம்.

இவ்வளவையும் படித்தபின் ஒரு சம்பளநாள் மாலையில் அப்பெரியவரை ஆபீசுத் திண்ணையில் உட்காரவைத்து, ஒரு தாளைச் சமபக்க முக்கோணமாக வெட்டி நடுவே மடித்தோம். பக்கம் 30, அடியில் பாதி 15, மடிப்பின் நீளம் என்ன? 30ஐ 30ஆல் பெருக்க 900; 15ஐ 15ஆல் பெருக்க 225; தள்ளினால் 675. 26ஐ 26ஆல் பெருக்கினால் 676. ஆக, மடிப்பு 26 அடிக்கு மயிரிழை குறைவு. மரத்துக்கு மரம் 30 அடி குறையாமலே வரிசைக்கு வரிசை 26 அடியில் அடங்கிவிடுகிறது. வரிசைதோறும் நான்கடி மிச்சம். அந்த நான்கடிகள் சேர்ந்ததே ஏழெட்டு மரம்.

பெரியவர் சிரித்தார். “26 அடி எங்களுக்குத் தெரியுமே! குறுக்குக் கயிற்றில் முடிச்சே அங்கேதான் இருக்கிறது. அந்த முடிச்சு எங்கிருந்து வந்தது என்பதுதான் தெரியாது” என்றார். பிறகு தாளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஒவ்வொரு மரத்தையும் சுற்றி ஆறு மரம் நிற்கிறதே, அது ஏன் ஆறு? ஐந்தோ ஏழோ ஏன் ஆகவில்லை?” என்று கேட்டார்.

இம்முறை நாம் மழுப்பவில்லை. முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கிழித்து, செக்ரோல் புத்தகத்தின் விளிம்பை ஒட்டி முனைக்கு முனை சேர்த்து வைத்துப் பார்க்கச் சொன்னோம். இது நிரூபணமன்று என்பதும், இதன் அடியில் ஐந்தாம் எடுகோள் ஒளிந்திருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும்; அன்று அதைச் சொல்லவில்லை. மூன்று துண்டுகளும் விளிம்பில் இடைவெளியின்றி நேராக உட்கார்ந்தன. அவர் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். விளிம்புக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று விரலால் எண்ணினார். பின்பு, பக்கம் சமமில்லாத கோணல் முக்கோணத்துக்கும் இப்படி நேராக வருமா என்று கேட்டுக்கொண்டே, வேறொரு தாளை எடுத்துக் கிழிக்கத் தொடங்கினார்.